ரோல்ல விழுந்த நிமிஷம்: ஒரு ஸ்மூத்திப் போத்தலின் வரலாறு

போன வருஷம் கொழும்பில் வேலை செய்த காசில் வீட்டுக்கு ஒரு பிளெண்டர் வாங்கிக் கொண்டு வந்தேன். காரணம் தங்கச்சி. ஓ.எல். வகுப்புக்குப் போகிறாள். கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தார்கள். அதோடு பழமும் கீரையும் சேர்க்கச் சொன்னார்கள். யூடியூபில் ஸ்மூத்தி செய்வதைப் பார்த்தாலே தெம்பு வந்துவிடும் போல இருக்கும். நமக்கும் கொய்யாவுக்குப் பஞ்சமில்லை, லயத்துக்குப் பின்னால் ரெண்டு மரம் நிற்கிறது. ஆனைக்கொய்யா காலத்தில் அதைக் கேட்பாரில்லாமல் விழுந்து கிடக்கும்.

ஆறு மணிக்கே எழும்பி கொய்யா, வாழைப்பழம், கொஞ்சம் வல்லாரை எல்லாம் போட்டு நன்றாக அடித்தேன். ரெண்டு நிமிஷம் ஓடியிருக்கும். நுரை பொங்கி, பார்க்க அழகான பச்சை. போத்தலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். இன்டர்வெலுக்குக் குடிக்கச் சொன்னேன். பின்னேரம் போத்தல் அரைவாசியோடு திரும்பி வந்தது. பச்சை எல்லாம் போய் மண் நிறம்.

"அக்கா, இது என்னமோ மாதிரி இருக்கு, எனக்கு வேணாம்" என்றாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டோரில் ரோல் ரூமில் வேலை செய்த மனுஷன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பழச்சாறு இல்லம்மா. நீ தேத்தூள் போட்டுருக்க. ரோல்ல விழுந்த நிமிஷத்துலருந்து நெறம் ஏற ஆரம்பிச்சிரும். அடுப்புக்குப் போகலன்னா அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும்."

நான் முதலில் அதை வயசான மனுஷனின் பகிடி என்றுதான் எடுத்தேன். அப்புறம் ராவு படுத்துக்கொண்டு ஃபோனில் தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது, தாத்தா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அங்கிருந்து ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் போனதில் இந்தக் கட்டுரை வந்தது. சாப்பாட்டின் சத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் பல, நம்மைப் போலத் தோட்டத்துக்கும் ஆலைக்கும் கப்பலேறிப் போன சனங்களின் உடம்பில் படித்த பாடங்கள். அந்தப் பாடம் நம்ம லயத்து அடுப்படிக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

கொழுந்தும் கொய்யாவும்

ஹாலிஎலயில் பிறந்தவனுக்கு ஸ்டோரின் வாசம் பழக்கம். உள்ளே நடப்பதை ஒரு தடவை சொல்லிக்கொள்வோம். கொழுந்தை முதலில் பரப்பி, காற்று விட்டு, ராவு முழுக்க வாட்டுவார்கள். பிறகு ரோலில் போட்டு உருட்டுவார்கள். உருட்டும்போது இலையின் கலங்கள் நசுங்கி உடைகின்றன. கலத்துக்குள் தனித்தனி அறையில் இருந்த ரெண்டு சாமான்கள் அப்போது ஒன்றோடொன்று கலக்கின்றன. ஒன்று பொலிபீனோல் என்கிற துவர்ப்புப் பொருள். மற்றது பொலிபீனோல் ஒட்சிடேசு என்கிற நொதியம். வெளியே இருக்கிற ஒட்சிசனும் சேர்ந்ததும் பச்சை இலை செம்புக் காசு நிறத்துக்கு மாறுகிறது. இதற்கு ரெண்டு, மூன்று மணிநேரம் விடுவார்கள். நிறமும் வாசமும் பதத்துக்கு வந்ததும் ட்ரையரில் சூடான காற்றைக் காட்டி நொதியத்தைச் சாகடிப்பார்கள். ஈரம் கிட்டத்தட்ட 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதோடு மாற்றம் நின்றுவிடும். அதுதான் நாம் குடிக்கிற கறுப்புத் தேத்தூள்.

பச்சைத் தேயிலை என்று கடையில் விற்கிறார்களே, அது வேறு செடி இல்லை. அதே கொழுந்துக்கு ஆரம்பத்திலேயே ஆவி காட்டியோ வறுத்தோ நொதியத்தை முடித்துவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு உருட்டினாலும் அது கறுக்காது.

இப்போது என்னுடைய பிளெண்டருக்கு வருவோம். கொய்யாவிலும் வாழைப்பழத்திலும் இருப்பது அதே குடும்பத்து நொதியம். பிளேடு சுற்றும்போது நடப்பது ரோலில் நடப்பதேதான், வேகம் மட்டும் பத்து மடங்கு. ரெண்டு நிமிஷம் நுரை பொங்க அடித்தேன் என்றேனே, அந்த நுரை முழுக்கக் காற்று. தேவையான ஒட்சிசனை நானே உள்ளே ஊட்டி, போத்தலில் பாதிக்கு ஊற்றி, மேலே இன்னும் காற்று விட்டு, வெயிலில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். விட்டமின் சி என்பது ஒட்சிசனைக் கண்டால் முதலில் தன்னைக் கொடுத்துவிடுகிற ஆள். நிறம் மாறும்போது அதுவும் கூடவே குறைகிறது. நார், பொட்டாசியம், இரும்பு எல்லாம் அப்படியே இருக்கும். அதனால் கறுத்த ஸ்மூத்தி விஷம் இல்லை, குடிக்கலாம். ஆனால் எதற்காக அதைச் செய்தேனோ அதில் ஒரு பங்கு போய்விட்டது.

இலங்கையில் வியாபாரத்துக்காகத் தேயிலை நட்டது 1867இல், லூல்கந்துரையில், ஜேம்ஸ் டெய்லர். ஆரம்பத்தில் பங்களா வராந்தாவில் மேசை போட்டு, ஆட்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே வைத்துக் கையாலேயே கொழுந்தை உருட்டியிருக்கிறார்கள். உருட்டியது நம்ம ஆட்கள். அப்புறம் இயந்திரம் வந்தது. கோப்பிச் செடியை நோய் தின்று முடித்த பிறகு ஊவா மலையெல்லாம் தேயிலையானது. 1924இல் ரயில் தெமோதரையைத் தாண்டி ஹாலிஎல வழியாகப் பதுளை வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1925இல், தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கப்பட்டது. இன்றைக்கு அதற்கு நம்ம பசறையிலேயே ஒரு கிளை இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு இலையை எத்தனை மணிநேரம் வாட்ட வேண்டும், எத்தனை நிமிஷம் உருட்ட வேண்டும், எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்று பார்க்க ஒரு நிலையமே இருக்கிறது, அதற்கு வயசு நூறு. ஸ்டோர் சுவரில் மணிக்கூடு தொங்கும். ஒரு ரோல் தாமதமானால் டீமேக்கர் சத்தம் போடுவார். அதே ஸ்டோருக்குக் கீழே லயத்தில் இருக்கிற பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது, அதில் எவ்வளவு உடம்பில் ஒட்டியது என்று அதே கவனத்தோடு யார் மணி பார்த்தார்கள்?

புழுங்கல் அரிசி சொன்ன சாட்சி

பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நமக்காகப் பார்க்கவில்லை.

நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் மலாயாவுக்குப் போவோம். அங்கே ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்கிற நோய் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுவிடும். அங்கிருந்த பிராடன் என்கிற ஆங்கில வைத்தியருக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. சீனத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள். பக்கத்திலேயே வேலை செய்கிற தமிழ் ஆட்களுக்கு நோய் அவ்வளவாக இல்லை. வேலையும் காற்றும் தண்ணியும் ஒன்றுதான். வித்தியாசம் சோற்றில் இருந்தது. சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள்.

1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை ரெண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தீட்டிய அரிசி, மறு பகுதிக்குப் புழுங்கல். தீட்டிய அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கல் பக்கம் அப்படி ஒரு சாவும் இல்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

காரணம் பிறகு விளங்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற விட்டமின் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் முழுசாகப் போகாது. பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். 'விட்டமின்' என்கிற சொல்லே 1912இல்தான் வந்தது. நெல் அவிக்கிற பானை அதற்கு எத்தனையோ நூறு வருஷம் மூத்தது. ஊரில் நெல் அவித்த கிழவிக்கு பி1 தெரியாது. அவித்த அரிசி கெட்டுப்போகாது, பசி தாங்கும் என்று மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

இதில் பிளெண்டருக்கு என்ன பாடம்? சத்து என்பது பொருளில் மட்டும் இல்லை, வரிசையில் இருக்கிறது. அவித்துவிட்டுத் தீட்டினால் ஒன்று, தீட்டிவிட்டு அவித்தால் வேறொன்று. அரிசி அதே அரிசிதான்.

பாணும் தேத்தண்ணியும்

இன்னொரு கப்பல் தென்னாப்பிரிக்கா போனது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் டர்பன் பக்கத்தில் குடியிருந்த காலத்தில், அங்கே இந்திய வம்சாவளிப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு அதிகமாக இருந்தது. 1975இல் டிஸ்லரும் அவரோடு வேலை செய்த வைத்தியர்களும் அந்தப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு இன்றைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. பாணைத் தண்ணியோடு சாப்பிட்டபோது அதிலிருந்த இரும்பில் 10.4 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. அதே பாணைத் தேத்தண்ணியோடு சாப்பிட்டபோது 3.3 சதவீதம்தான். மூன்றில் ரெண்டு பங்கு காணோம்.

திருடன் யார் என்றால், ஸ்டோரில் நிறம் ஏற்றுகிற அதே துவர்ப்புப் பொருள்தான். அது வயிற்றுக்குள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உடம்பு உறிஞ்ச விடுவதில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் காலை கண்ணுக்குள் வந்தது. கோதுமை மா ரொட்டி, சம்பல், பெரிய கிளாஸில் சாயத் தேத்தண்ணி. அம்மா பிரட்டுக்குப் போகுமுன் நின்றுகொண்டே சாப்பிடுவது அதைத்தான். தங்கச்சி குளிசையை விழுங்குவதும் அந்தத் தேத்தண்ணியில்தான்.

இந்தச் சாப்பாடு நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது இல்லை, அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஊரில் இருந்து வந்தவர்களின் கேழ்வரகுக் கூழும் கம்மங்கஞ்சியும் தோட்டத்துக்கு வரவில்லை. இங்கே அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அதற்கு மேல் நிலத்தடியில் இன்னொரு திருடன் இருந்தான், கொக்கிப்புழு. செருப்பில்லாத காலில் ஏறிக் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தோட்டத்து ஆள் சோம்பேறி என்று துரைமார் எழுதி வைத்த காலத்தில், அந்தச் 'சோம்பலில்' எவ்வளவு ரத்தச்சோகை என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு 1973, 74. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, ரேஷனைக் குறைத்தபோது, நாட்டில் அதிகம் பட்டினி கிடந்தது தோட்டத்து ஆட்கள். கிராமத்து மனுஷனுக்கு ஒரு துண்டு வயலாவது தோட்டமாவது இருந்தது. லயத்து மனுஷனுக்கு வாசலே தோட்டத்துடையது. அந்தப் பஞ்சத்தைப் பார்த்த அப்பாயி சாகும்வரை ரொட்டித் துண்டு ஒன்றைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாகச் சிரித்திருக்கிறோம்.

கொலகெந்த: பக்கத்து ஊர்ப் பாடம்

ஸ்மூத்தி அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிளெண்டர் அங்கேதான் வீடு வீடாகப் போனது, அது உண்மை. 1930களின் கடைசியில் ஃபிரெட் வாரிங் என்கிற பாண்ட் வாத்தியக் குழுத் தலைவர் அதை விளம்பரப்படுத்தி விற்றார். இந்தியாவில் தோசைமாவும் சட்னியும் தாங்குகிற மிக்ஸி 1963இல் மாத்தூர் என்கிற பொறியியலாளரின் சுமீத் மூலம் வந்தது. அதுவரை நம்ம பக்கம் அம்மியும் குழவியும்தான்.

ஆனால் இலையை அரைத்துக் காலையில் குடிக்கிற பழக்கம் நம்ம வாசலிலேயே இருந்தது. சிங்கள ஊர்களில் கொலகெந்த, யாழ்ப்பாணத்தில் இலைக்கஞ்சி. ஹாலிஎல டவுனில் விடியக்காலையில் சூடாக விற்பார்கள். வல்லாரை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை, சாத்தாவாரி, எது கிடைக்கிறதோ அது. பக்கத்து நாட்டுப்புறத்திலிருந்து எங்கள் லயத்துக்கு மரக்கறி கொண்டுவருகிற ஒரு ஆச்சியிடம் எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒவ்வொரு வரியிலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது.

முதலில் சிவப்பரிசியைக் குழைய வேகவைக்கணும். இலையை அதுக்குப் பிறகுதான் அரைக்கணும், முன்னமே அரைச்சு வைக்கக்கூடாது. சாறைப் பிழிஞ்சு, தேங்காய்ப்பாலோட சேர்த்து, கஞ்சி இறக்கப்போற நேரத்துல ஊத்தணும். ஒரு கொதி வந்ததும் இறக்கிடணும். பச்சை மாறினா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். சீனி போடாம, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டு சூடாவே குடிக்கணும்.

இப்போது இதைத் தாத்தாவின் ரோல் ரூம் கணக்கோடு வைத்துப் பாருங்கள். அரைப்பதற்கும் சூட்டுக்கும் நடுவே நேரம் விடவில்லை, அதனால் நொதியத்துக்கு வேலை செய்ய அவகாசம் இல்லை. ஒரே ஒரு கொதி நொதியத்தை முடித்துவிடும், ஆனால் விட்டமின் சியை முழுசாக அழிக்க அது போதாது. தேங்காய்ப்பால் ருசிக்கு மட்டும் இல்லை. கீரையில் இருக்கிற பீட்டா கரோட்டின், அதாவது விட்டமின் ஏ ஆகிற பொருள், கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். இலையின் பச்சை ரொம்ப நேரம் வெந்தால் பாசி நிறமாகிவிடும். ஆச்சி அந்த நிறத்தை மணிக்கூடாகப் பாவிக்கிறார். கஞ்சியோடு தேத்தண்ணி கிடையாது, கருப்பட்டிதான்.

ஒரு ஆய்வு கூடச் செய்யாமல் ஆய்வின் முடிவுகளைச் சட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் லயத்தில் இது ஏன் பெரிதாக நிலைக்கவில்லை? எங்கள் அம்மாவைக் கேட்டேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "நேரம்." கஞ்சிக்கு ஒரு மணிநேரம் அடுப்படியில் நிற்கணும். சங்கு ஊதினால் பிரட்டுக்கு நிற்கணும். பிள்ளையைப் புள்ளக்காம்பராவில் விடணும். கீரைக்கும் இதே கதைதான். முன்னெல்லாம் கொழுந்து எடுக்கிற மலையிலேயே வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் முளைத்துக் கிடக்கும், வரும்போது மடியில் பறித்து வருவார்களாம். புல்லுக்கு மருந்தடிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கீரையைத் தொடப் பயம். பயம் சரியானதும்தான். மருந்தடித்த மலைக் கீரையைச் சத்து என்று பறிக்காதீர்கள்.

வாழைப்பழத்தின் குற்றம்

என் முதல் போத்தலில் வாழைப்பழத்தைப் போட்டது இன்னொரு தவறு, ஆனால் சுவாரசியமான தவறு. 2023இல் அமெரிக்காவின் டேவிஸ் நகரத்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். பெர்ரிப் பழங்களிலும் கொக்கோவிலும் இருக்கிற ஃபிளவனோல் என்கிற பொருளை, வாழைப்பழம் சேர்த்த ஸ்மூத்தியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு, அதையே குளிசையாக விழுங்கியபோது சேர்ந்ததைவிட 84 சதவீதம் குறைவு. வாழைப்பழத்தின் பொலிபீனோல் ஒட்சிடேசு அவ்வளவு பலம். அதாவது, மறுபடியும் நம்ம ரோல் ரூம் நொதியம்.

அதற்காக வாழைப்பழத்தைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. பசி தாங்க அது நல்ல பழம். தனியாகச் சாப்பிடலாம். மற்றப் பழத்தின் சத்துக்காக அடிக்கிற ஸ்மூத்தியில் மட்டும் அதைச் சேர்க்காமல் விடலாம்.

கொய்யாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிராம் தோடம்பழத்தில் விட்டமின் சி 50 மில்லிகிராம் அளவு. அதே நிறைக் கொய்யாவில் 200க்கும் மேல். கடையில் காசு கொடுத்து வாங்குகிற பழத்தைவிட நாலு மடங்கு, லயத்துக்குப் பின்னால் அணில் தின்றுகொண்டிருந்தது.

இப்போது வீட்டில்

தாத்தாவையும் ஆச்சியையும் டர்பன் பெண்களையும் சேர்த்து வைத்து வீட்டில் ஒரு முறை செய்துகொண்டோம். பெரிய வித்தை இல்லை.

பழத்தை ராவே வெட்டி வைப்பதில்லை, முழுசாக இருக்கும்வரை கலம் உடையாது. குடிக்கிற நேரத்தில்தான் அடிக்கிறோம். தேசிக்காயை முதலிலேயே ஜாருக்குள் பிழிந்துவிடுகிறோம். புளிப்பில் அந்த நொதியம் மந்தமாகிவிடும், நிறம் ஏறிய பிறகு பிழிந்து பிரயோசனம் இல்லை. முருங்கை இலை போட்டால் கொதிதண்ணியில் ஒரு முக்கு முக்கி உடனே பச்சைத் தண்ணியில் போட்டு எடுக்கிறோம். பச்சைத் தேயிலைக்கு ஆவி காட்டுகிற அதே கதை. கொஞ்சம் சத்து தண்ணியில் போகும், மிச்சம் நிலைக்கும். விட்டு விட்டு அரை நிமிஷம் அடித்தால் போதும், நுரை பொங்க வேண்டியதில்லை. கொய்யாவின் கொட்டை கடினம் என்பதால் அதை மட்டும் கரண்டியால் எடுத்துவிட்டு அடிக்கிறோம், வடிகட்டுவதில்லை. வடித்தால் நார் போய்விடும், மிஞ்சுவது இனிப்புத் தண்ணி. ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் விடுகிறோம். சீனி இல்லை.

கொண்டு போகத்தான் வேண்டும் என்றால் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடம் விடாமல் மூடி, குளிரவைத்துத் துணியில் சுற்றிக் கொடுக்கிறோம். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் ஊற்றுவதில்லை. செம்பு பட்டால் விட்டமின் சி இன்னும் வேகமாகப் போகும்.

2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் இல்லாத நாளில் அம்மி இருக்கிறது. வல்லாரையும் தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சம்பலாகிவிடும். அதுவும் அரைத்த உடனே சாப்பிடுகிற பண்டம்தான், கணக்கு ஒன்றுதான்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரத்தச்சோகைக்கு ஸ்மூத்தி மருந்தாகாது. கிளினிக்கில் கொடுக்கிற குளிசைதான் மருந்து. ஆனால் அந்தக் குளிசையைத் தேத்தண்ணியில் விழுங்குவதற்கும் கொய்யா, தேசிக்காய்ச் சாறில் விழுங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. விட்டமின் சி இரும்பை உடம்புக்குள் தள்ளிவிடும்.

கஷ்டமாக இருந்தது தேத்தண்ணிதான். சாப்பாட்டோடு குடிக்காதே என்று அம்மாவிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"காலையில அந்த ஒரு கிளாஸ் இல்லாம நான் மலைக்கு எப்புடி ஏறுவேன்? அதுவும் வேணாமா எனக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நமக்குச் சொந்தமாகக் கிடைத்த ஒரே சூடு அதுதான், அதையும் ஆராய்ச்சி சொல்லிப் பிடுங்க முடியுமா? கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். எழும்பினதும் நாலரைக்குத் தேத்தண்ணி. ரொட்டியும் ஜூஸும் ஆறு மணிக்கு. அடுத்த தேத்தண்ணி மலையில் பத்து மணிக்கு. ஒன்றையும் குறைக்கவில்லை, வரிசையை மட்டும் மாற்றினோம்.

மிச்சக் கணக்கு

2016ஆம் ஆண்டு நாடு முழுக்க எடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் மட்டும் 31.7 சதவீதம். மூன்று பிள்ளைகள் நின்றால் ஒன்று கட்டை. அதை ஒரு பிளெண்டரும் ரெண்டு கொய்யாவும் மாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளம், நிலம், தண்ணி, வீடு, அம்மாவுக்குக் காலையில் ஒரு மணிநேரம், இதெல்லாம் இருந்தால்தான் அது மாறும். சத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்துகொள்வது, அதைக் கேட்டு வாங்குவதற்கு ஈடு இல்லை.

ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதிலும் அர்த்தமில்லை. கோலாலம்பூரில் செத்த 18 பேர் யார் என்று நமக்குத் தெரியாது. டர்பனில் பாணும் தேத்தண்ணியும் சாப்பிட்டுக் காட்டிய பெண்களின் பெயரும் தெரியாது. அவர்கள் உடம்பால் எழுதிக் கொடுத்த பாடத்தை லண்டனும் நியூயோர்க்கும் படித்தாயிற்று. அது ஹாலிஎல லயத்துக்கு வர நூறு வருஷம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

நேற்றுக் காலை ஜூஸ் அடிக்கும்போது தாத்தா அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். பிளெண்டர் நின்றதும் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"வாம்மா, சட்டுன்னு குடி. ரோல்ல விழுந்துருச்சு, மணி ஓடுது."

அவள் நின்றபடியே குடித்து முடித்தாள். கிளாஸில் கடைசிச் சொட்டு வரை பச்சை.